அவள் பெயருக்கு என் குரல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் காலை ஒன்பதரைக்குள் வருகையைப் போனில் ஏற்றிவிட வேண்டும். நேரம் தாண்டினால் அலுவலகத்திலிருந்து பெரிய மிஸ்ஸுக்கு, அதாவது தலைமையாசிரியைக்கு, அழைப்பு வரும். பெரிய மிஸ் படியிறங்கி எங்கள் வகுப்பு வாசலுக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் நின்று பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் எங்கள் யூ.கே.ஜி. மிஸ் தினமும் ரயிலைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி பெயர் கூப்பிடுவார். எங்கள் கட்டடத்தில் ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். கம்பியில் சாய்ந்துகொண்டு, ஒரு கையில் பதிவேடு, மறு கையில் போன். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். "உள்ளேன் மிஸ்", "வந்துட்டேன் மிஸ்", "நேத்து காச்சல் மிஸ்" என்று படபடவென்று பதில் வரும்.

நான் அந்த வகுப்பின் ஆயாம்மா. பிள்ளைகளைக் கழிவறைக்குக் கூட்டிப்போவது, கை கழுவிவிடுவது, சோறு ஊட்டுவது, வாந்தியைத் துடைப்பது, அவிழ்ந்த ஜடையைப் பின்னுவது, மத்தியானம் பாய் விரிப்பது எல்லாம் என் வேலை. தலை எண்ணுவதும் என் வேலைதான், ஆனால் அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன். கழிவறைக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, வந்து உட்கார்ந்த பிறகு சந்தேகத்துக்கு ஒரு தடவை. கேட்டைப் பூட்டினேனா என்று போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்ததும் சரியாகப் பார்த்தேனா என்று தோன்றும். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். "கவலப்படறதுக்கு கவர்மெண்டுல போஸ்டிங் போட்டா நீதான்டி மொத ஆளு. இண்டர்வியூவே வேணாம், மூஞ்சியப் பாத்தே குடுத்துருவான்" என்பார்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் மாநகராட்சிப் பள்ளி. சுற்றியிருக்கும் பழைய வீடுகளின் பிள்ளைகள் வேனில் வேறு பள்ளிகளுக்குப் போகிறார்கள். அந்த வீடுகளுக்கும், அந்த வீடுகளை இடித்துக் கட்டிய அடுக்குமாடிகளுக்கும் வேலைக்கு வருகிறவர்களின் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். ஜூன் மாதம் சேர்க்கைப் படிவம் நிரப்பும்போது மிஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் காகிதத்தைப் பிடித்துக்கொள்வேன், மின்விசிறியில் பறக்காமல். மதம், சமூகம், தாய்மொழி, தந்தையின் தொழில், தாயின் கல்வி என்று கட்டம் கட்டமாக இருக்கும். அப்பாக்கள் பூக்கட்டுகிறார்கள், மடப்பள்ளியில் பாத்திரம் தேய்க்கிறார்கள், மெஸ்ஸில் இட்லி ஊற்றுகிறார்கள், மெட்ரோ பள்ளத்தில் கம்பி கட்டுகிறார்கள். தாய்மொழிக் கட்டத்தில் தமிழ், தெலுங்கு, ஒடியா எல்லாம் வரும். நேபாளத்திலிருந்து வந்து காவல் வேலை பார்க்கும் ஒருவரின் மகன் இருக்கிறான். அவன் வந்த மூன்றாம் மாதமே, "ஆயாம்மா, இவன் என்ன இட்ச்சிகினே கீறான்" என்று புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டான். மொழி ஒரு தடையே இல்லை என்பதற்கு மிஸ் அவனைத்தான் காட்டுவார்.

தாயின் கல்வி என்ற கட்டம் வந்ததும் அம்மாக்கள் குரல் இறங்கும். எனக்குத் தெரியும் அந்த இறக்கம். நானும் ஏழாவதோடு நின்றவள்தான்.

அந்தச் சின்னப்பெண் அப்படி ஒரு ஜூன் காலையில் வந்தாள். நாலரை வயது. நாற்காலியில் உட்காரச் சொன்னால் நுனியில், காலைக் குறுக்கிக்கொண்டு, இடத்தை மிச்சம் பிடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். அவள் அம்மா மந்தைவெளிப் பக்கம் நான்கு வீடுகளில் வேலை செய்கிறாள். அப்பா பெயிண்டர், வேலை இருக்கும் ஊரில் இருப்பார். தாய்மொழி தமிழ். தாயின் கல்வி ஐந்தாம் வகுப்பு. எல்லாக் கட்டமும் நிரம்பியதும் அம்மாக்காரி தானாகவே ஒன்று சொன்னாள்.

"தொந்தரவே பண்ணாது மிஸ். வெச்ச எடத்துல இருக்கும்."

மற்ற அம்மாக்கள் ஏ பி சி டி சொல்லும் என்று பெருமைப்படுவார்கள். இவள் அதே பெருமையோடு இதைச் சொன்னாள். மிஸ் சிரித்து, "ரொம்ப சமத்து" என்றார். அதை எழுதக் கட்டம் இல்லை.

மறுநாள் வருகைப் பதிவு. அவள் பெயர் வந்தது. பதில் இல்லை. மிஸ் இன்னொரு தடவை கூப்பிட்டார். அவள் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது முப்பது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வந்துகீறா மிஸ்" என்றேன் நான், பின்னாலிருந்து.

மிஸ் போனில் ஒரு தட்டு தட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். அவ்வளவுதான், பெரிய விஷயமே இல்லை.

ஆனால் நான் ஏன் முந்திக்கொண்டு சொன்னேன் என்று சொல்ல வேண்டும். ஏழாவது படிக்கும்போது எனக்குத் தம்பி பிறந்தான். அம்மா வேலைக்குப் போக வேண்டும், அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு வாரம்தான் என்று நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பெண் என் வகுப்பு. சாயங்காலம் அவளிடம் கேட்பேன், "இன்னிக்கு என் பேரக் கூப்ட்டாங்களா?" என்று. "கூப்ட்டாங்க, வரலன்னு சொன்னேன்" என்பாள். கூப்பிடுகிறார்கள் என்றால் நான் இன்னும் அந்த வகுப்பில் இருக்கிறேன் என்று அர்த்தம். ஒரு நாள் அவள், "இன்னிக்கு உன் பேர வுட்டுட்டு அடுத்த பேருக்குப் போய்ட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராமல் இருக்கும் அந்த இடைவெளி இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியாது. யார் பெயராக இருந்தாலும் சரி.

மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் அவள் பெயரைக் கூப்பிடும்போதே மிஸ்ஸின் கண் என் பக்கம் வர ஆரம்பித்தது. பிறகு மற்றதுக்கும் பரவியது. சுண்டல் இன்னும் வேணுமா என்று கேட்டால், "போதுமாம் மிஸ்" என்பேன். என்ன கலர் பென்சில் வேணும் என்றால், "செகப்பு குடுங்க" என்பேன். அவள் என் புடவை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பேசாத குழந்தை இல்லை. அது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மற்ற பிள்ளைகள் தூங்கும்போது, நான் ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் தட்டு கழுவுவேன். அவளுக்குத் தூக்கம் வராது. வந்து தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்காருவாள். முதல் பத்து நாள் சும்மா உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாளோ என்னவோ, என் காதுக்குக் கிட்டே வந்து, கொசு பறக்கிற சத்தத்தில் சொன்னாள்.

"தாத்தா பல்ல கய்ட்டி டம்ளர்ல போட்டு வெப்பாரு."

"எந்தத் தாத்தா?"

"அம்மா பாத்ரம் கய்வுற வூட்டுத் தாத்தா."

"அய்யோ. அப்பறம்?"

"அப்பறம் எடுத்து மாட்டிகினு முறுக்கு துன்னுவாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தட்டு கையிலிருந்து நழுவிச் சத்தம் போட்டது. அவள் உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள், சத்தம் தன்னிடமிருந்து வந்த மாதிரி. பள்ளியில் சேரும்வரை அவளை அம்மா வேலைக்குப் போகும் வீடுகளுக்கெல்லாம் கூட்டிப்போயிருக்கிறாள். சமையலறை மூலையில், பால்கனியில், மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டுப் பெருக்கித் துடைப்பாள். அங்கே இருந்து பார்த்ததையெல்லாம் இவள் சேர்த்து வைத்திருந்தாள். ஒரு வீட்டு எஜமானியம்மா வெங்காயம் வெட்டினால் அழுவாள், வெட்டாதபோதும் அழுவாள். ஒரு வீட்டில் சாமிக்கு ஆப்பிள் வைத்துவிட்டு அவர்களே எடுத்துக்கொள்வார்கள். தினம் ஒரு சேதி. நான் தட்டை மெதுவாகக் கழுவக் கற்றுக்கொண்டேன்.

இதற்கிடையில் மதிப்பீடு வந்தது. பருவத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளைக்கும் மிஸ் குறிக்க வேண்டும். எண் தெரிகிறதா, எழுத்து தெரிகிறதா, கேட்டால் பதில் சொல்கிறதா, பாட்டுப் பாடுகிறதா, நாலு பேரோடு சேர்கிறதா. முடிந்தால் பூ, கொஞ்சம் முடிந்தால் மொட்டு, இல்லையென்றால் வெறும் வட்டம். நேபாளப் பையனின் வரிசையில் பூ பூத்துக் குலுங்கியது. இவள் வரிசையில் கடைசி வரை வட்டம், வட்டம், வட்டம். முதல் பருவத்தில் மிஸ் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் பருவத்திலும் அப்படியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

எங்கள் மிஸ் சின்ன வயசு. தூத்துக்குடிப் பக்கம். நந்தனத்தில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு வருகிறார். கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

"ஆயாம்மா, எனக்கு ஒண்ணும் ஓடமாட்டேங்கு. ஆறு மாசமா ஒரு வார்த்த வரல. இத இப்படியே ஒண்ணாப்புக்கு அனுப்பினா அங்க இன்னும் கஷ்டப்படும்லா?"

"அது பேசுது மிஸ்."

"யார்ட்ட?"

"என்னாண்ட."

"என்ன பேசுது?"

பல்செட் தாத்தாவைச் சொன்னேன். மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு மத்தியானம் சுவருக்குப் பின்னால் வந்து மறைந்து நின்றார். வளையல் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அவள் வாயே திறக்கவில்லை. தண்ணீரில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். மிஸ் போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பாவம் என்ற மாதிரி இருந்தது. பிரியத்தில் இந்த அம்மா இட்டுக்கட்டுகிறாள் என்று நினைத்திருப்பார். அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. படித்தவர்கள் ஒன்று சொன்னால் எனக்கே என் காதின் மேல் சந்தேகம் வந்துவிடும்.

விஷயம் மேலே போனது. பொங்கல் கழித்து அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து இவளைத் தனியாகப் பார்ப்பார். அவரும் ஆமாம் என்றால், பேச்சு வராத பிள்ளைகளுக்கான மையத்துக்கு மாற்றுவார்கள். மையம் ஈக்காட்டுத்தாங்கல் பக்கம். அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள், தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் காலையில் கொண்டு விட்டு, மத்தியானம் கூட்டி வர ஆள் வேண்டும். கேட்டில் வைத்து அவள் அம்மாவிடம் மிஸ் இதைச் சொன்னபோது அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மிஸ் உள்ளே போனதும் என்னிடம் சொன்னாள்:

"நாலு வூடுக்கா. எட்டு மணிக்கு ஒருத்தங்க, பத்துக்கு ஒருத்தங்க. இத்த இட்டுகினு ஈக்காட்டுத்தாங்கலுக்கு எங்க போவ? அதெல்லாம் ஆவாது. பழயபடி என் கூடயே வேலைக்கு இட்டுகினு போய்டறேன். வெச்ச எடத்துல இருக்கும்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். ஒரு வாரம்தான் என்று என் அம்மாவும் இப்படித்தான் சொன்னாள்.

தை பிறந்ததும் வடபழனி கோயிலில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். லீவு எடுக்கவே கூடாது என்று இருந்தேன். வீட்டுக்காரர், "நீ போலன்னா அந்தப் பள்ளிக்கோடம் பறந்து போய்டுமா? வாடி" என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டார். தாலி கட்டும் நேரத்தில் மணி ஒன்பது இருபத்தைந்து. எல்லாரும் அட்சதை போடுகிறார்கள், நான் அட்சதையைக் கையில் இறுக்கிக்கொண்டு, இப்போது மிஸ் அவள் பெயரைக் கூப்பிட்டிருப்பார், யார் சொல்வார்கள், யார் சொல்வார்கள் என்று நின்றேன். பக்கத்திலிருந்த அக்கா என் கையைத் தட்டி, "போடும்மே, வீட்டுக்கா எடுத்துக்கினு போப்போற?" என்றாள்.

மறுநாள் போனதும் மிஸ் என்னை ஜன்னலோரம் இழுத்தார்.

"நேத்து ஒரு கூத்து ஆயாம்மா. ஒங்க பொண்ணு பேரக் கூப்பிட்டேன். அவ திரும்பி ஒங்க எடத்தப் பாத்தா. நீங்க இல்ல. நானும் பழக்கதோஷத்துல அங்கதான் பாத்தேன். ரெண்டு பேரும் காலி சுவத்தப் பாத்துட்டு நிக்கோம். அப்புறம் என்ன செஞ்சா தெரியுமா?"

"அழுதுச்சா மிஸ்?"

"கை தூக்கினா. இத்தன உசரம்தான். ஆனா தூக்கினா." மிஸ் தன் தோள் வரை கையைத் தூக்கிக் காட்டினார். பிறகு விளையாட்டாக, "நீங்க அப்பப்ப லீவு போடணும் போலுக்கே" என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டை எடுக்கப் போனார்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. கோபம். நான் இல்லாத நாளில் கை தூக்கியிருக்கிறாள். பிறகு பாய்களை உதறிக்கொண்டிருக்கும்போது, பாதி உதறலில் கை அப்படியே நின்றுவிட்டது. ஆறு மாதமாக யாரும் அந்தப் பிள்ளையின் பதிலுக்காகக் காத்திருக்கவே இல்லை. காத்திருக்க நான் விடவில்லை. பெயர் முடிவதற்குள் என் குரல் போய் நின்றுகொண்டது. அவள் வரிசையிலிருந்த வட்டங்களில் எத்தனை வட்டம் நான் போட்டது?

மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். வேலையை விட்டு எடுத்துவிடுவார்களோ என்ற பயமும் அதில் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மிஸ் பதிவேட்டை மூடி வைத்தார்.

"நானுந்தான ஆயாம்மா. ஒம்பதரைக்குள்ள ஏத்தணும்னு நீங்க சொன்னத வாங்கிட்டுப் போயிட்டே இருந்தேன்" என்றார்.

அன்றிலிருந்து வருகையின்போது நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு. மிஸ் அவள் பெயரைக் கடைசியில் வைத்துக்கொண்டார். மனசுக்குள் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் போனைத் தட்டுவார். அந்தப் பத்து எண்ணிக்கை எனக்குப் பத்து வருஷம். முதல் நாள் அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மேலே மின்விசிறியைப் பார்த்தேன். கை எழுந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. சுண்டல் வேளையில் மிஸ், "இன்னும் வேணுமா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை. சுண்டல் இல்லாமல் போனாள். அவளுக்குச் சுண்டல் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் அவள் குழாயடிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். என்னோடு மட்டும் பேசிய அந்தக் குரலையும் நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். கழுவிய தட்டையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் பேசுவாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சியும் போயிற்று. மேடம் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் புலம்பினேன். வீட்டுக்காரர் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. "கொயந்த கோச்சிக்குதுன்னா, உம்மேல அதுக்கு உரிமை கீதுன்னு அர்த்தம். வுடு, வரும்" என்றார்.

மேடம் வந்த அன்று மிஸ் என்னிடம், "நீங்க உள்ள வேண்டாம் ஆயாம்மா" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நானே கேட்க இருந்தேன். தட்டுகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. குனிந்தால் சத்தம் மட்டும் கேட்கும், எட்டினால் தெரியும். எட்டினேன்.

மேடம் நல்ல மாதிரியாகத் தெரிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பட அட்டைகளை எடுத்தார். "இது என்ன கண்ணு?" யானை. பதில் இல்லை. வாழைப்பழம். பதில் இல்லை. குடை, பஸ், மரம். அவள் காலைக் குறுக்கிக்கொண்டே போனாள். மேடம் போனில் ஏதோ தட்டினார். ஒவ்வொரு தட்டும் எனக்கு நெஞ்சில் விழுந்தது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும் மேடம், பயப்படுது மேடம் என்று நாக்கின் நுனி வரை வந்தது. குழாயைத் திறந்துவிட்டேன், அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காமல் இருக்கட்டும் என்று.

பிறகு எண் அட்டைகள். ஒன்றிலிருந்து ஐந்து வரை கலைத்துப் போட்டு, "வரிசையா அடுக்கிக் காட்டு பாப்போம்" என்றார் மேடம்.

அவள் கை நீண்டது. நான் குழாயை மூடினேன். ஒன்றை எடுத்துத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டை அதற்கு மேலே. அதற்கு மேலே மூன்று. தரையில் ஏணிப்படி மாதிரி, கீழேயிருந்து ஐந்து வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"எண் தெரியுது. ஆனா வரிசைன்னா புரியல போல, பக்கவாட்டுல வைக்கத் தெரியல" என்று மேடம் மிஸ்ஸிடம் சொல்லிக்கொண்டே அட்டைகளை இடமிருந்து வலமாகப் படுக்க வைத்தார். "இப்படி வைக்கணும்டா."

அவள் எல்லாவற்றையும் இழுத்துத் திரும்ப மேலேயும் கீழேயுமாக அடுக்கினாள். மேடம் மறுபடி மாற்றினார். அவள் மறுபடி இழுத்தாள். அந்தப் பிள்ளை யாரிடமாவது இவ்வளவு பிடிவாதம் பிடித்து நான் பார்த்ததில்லை. அடுக்கி முடித்ததும், ஒன்றுக்குக் கீழே காலியாக இருந்த தரையைத் தடவிப் பார்த்தாள். பைக்குள் இருக்கிறதா என்று மேடத்தின் பையை எட்டிப் பார்த்தாள்.

"ஜி எங்க?" என்றாள்.

கொசு சத்தம் இல்லை. நல்ல குரல். கொஞ்சம் அதட்டலாகக்கூட இருந்தது.

"என்னம்மா?"

"ஜி இல்ல. ஜி இல்லாம எப்டி வெளிய போவ?"

மேடம் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ், பழக்கம் விடாமல், ஜன்னலைப் பார்த்தார். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அந்தப் பெண்ணின் எல்லாச் சேதியும் எனக்குத் தெரியும் என்று ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தவள் நான். வாயைத் திறந்திருந்தால் தப்பான பதிலைத்தான் சொல்லியிருப்பேன். சட்டென்று ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துவிட்டேன், என் முகமே தெரியாதபடி. தரை ஈரம் புடவையில் ஏறியது.

கேட்க வேறு ஆளில்லாததால் மேடம் அவளையே கேட்டார். "எங்கேருந்துமா வெளிய போகணும்?"

"லிஃப்ட்லேந்து."

அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை, கேட்டேன். நாலு அமுக்கினால் வெங்காய அம்மா வீடு. ரெண்டு அமுக்கினால் தாத்தா வீடு. மூணில் நாய் இருக்கிறது, அமுக்கக் கூடாது. அம்மா கையில் பக்கெட் இருக்கும், அதனால் இவள்தான் அமுக்குவாள். வேலை எல்லாம் முடிந்ததும் கீழே இருக்கிற ஜியை அமுக்கினால்தான் வீட்டுக்குப் போக முடியும். மேடத்துக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற வியப்பு அந்தக் குரலில் இருந்தது. நாள் முழுக்க மூலையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வீடுகளில் கிடைத்த ஒரே வேலை அது. அதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை. சேதியாக அவளுக்குத் தோன்றியிருக்காது.

ஒரு காகிதம் கிழியும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மேடம் அதில் பெரிதாக ஆங்கில ஜி எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கி, ஒன்றுக்குக் கீழே, தன் முழங்காலை ஒட்டி வைத்தாள். பிறகு முதல் தடவையாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இத எந்தக் கட்டத்துல டிக் பண்றது?" என்று மேடம் போனைப் பார்த்துச் சிரித்தார். கடைசியில் கீழே குறிப்பு என்று இருந்த இடத்தில் கையால் தட்டித் தட்டி எழுதியதை மிஸ் எனக்குப் பிறகு படித்துக் காட்டினார். பேசுகிறாள். கேட்டால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இதே பள்ளியில் தொடரலாம்.

மூன்றரைக்கு அவள் அம்மா வந்தாள், பாவாடை ஓரம் ஈரத்தோடு. மிஸ் கேட்டுக்கே ஓடி வந்தார். "இன்னைக்கு ஒங்க பொண்ணு பேசிட்டா! மேடம்கிட்ட அவ்வளவு பேச்சு!"

அம்மாக்காரியின் முகம் செத்துவிட்டது.

"பேசிட்டாளா? மன்னிச்சிடுங்க மிஸ். எதுனா வூட்டுக் கதய சொல்லிட்டாளா? நான் சொல்லி வெக்கறேன் மிஸ், இனிமே வாயத் தெறக்க மாட்டா." மகள் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னாடி பேசின?"

என் வாய் நிறைய பதில் இருந்தது. அய்யோ, நல்லதுதான்டி பேசினா, நீ பயப்படாத, மையத்துக்கெல்லாம் போக வேணாம், இங்கியே இருக்கலாம். மிஸ்ஸும் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் எண்ண ஆரம்பித்தோம் என்று நினைக்கிறேன்.

"புது மிஸ்ஸு கேட்டாங்கம்மா" என்றாள் அவள். கொஞ்சம் யோசித்து, "அவங்களுக்கு லிஃப்ட்டு தெர்ல. நான்தான் சொல்லிக் குட்த்தேன்" என்றாள்.

அம்மாக்காரி மிஸ்ஸைப் பார்த்தாள். மிஸ் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகுதான் மிஸ் நிதானமாக, பெண் இங்கேயே படிக்கலாம், ஜூனில் ஒன்றாம் வகுப்பு என்று சொன்னார். அவள் மறுபடியும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நன்றி என்று சொல்ல வந்தாளோ, மன்னிச்சிடுங்க என்று சொல்ல வந்தாளோ, மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சந்து முனையைத் தாண்டினால் மெட்ரோ வேலை. நீலத் தகரத்துக்கு அப்பால் துளைபோடும் இயந்திரம் பல் கூசும்படி கத்திக்கொண்டிருந்தது. கேட்டைப் பூட்டப் போனவள் அப்படியே நின்று பார்த்தேன். அந்தச் சின்னப்பெண் நடந்துகொண்டே தலையை நிமிர்த்தி ஏதோ சொல்லிக்கொண்டு போனாள். அம்மாவுக்குக் கேட்கவில்லை. நடையை நிறுத்தி, மகளின் உயரத்துக்குக் குனிந்தாள்.

"இன்னாடி? கேக்கல. சத்தமா சொல்லு."